கரியமில வாயுவுக்கு மட்டும் அனுமதி

காணாமல்போன பூனைகளைக் கண்டுபிடிப்பதில் என்ஸ்கெடே நகரத்திலேயே ஹெஸ்டர் வோஸுக்கு ஈடு கிடையாது. காணாமல்போன கணவன்மார்கள் விஷயத்தில் அவளுக்கு அவ்வளவு பெயர் இல்லை. அலைந்து திரிந்து ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால், பாதி மனைவிமார்கள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டீங்க?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

திங்கட்கிழமை காலை, சாய்ந்து அடிக்கும் மழையில் அவள் சைக்கிள் முன்னால் போக, உதவியாளன் யோரிட் பின்னால் மிதித்துக்கொண்டிருந்தான். அவன் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. ஃபோன் வந்ததும் ஹெஸ்டர் அவனைக் கையில் பிடித்த ரொட்டியோடு கிளப்பிவிட்டாள். அந்த ரொட்டியும் பாதி வழியில் மழையில் கூழாகிவிட்டது.

"பாஸ், ஒரு சந்தேகம். நம்ம போர்டுல பூனைப் படம்தானே போட்டிருக்கு?"

"ஆமா."

"அப்ப விஞ்ஞானிங்க எதுக்கு நம்மளைக் கூப்பிடறாங்க? அவங்க தொலைச்சது உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு இருக்கற பொருள்னு சொன்னீங்க. நாம கடைசியா கண்டுபிடிச்சது ஒத்தைக் காது பூனை. அதுவும் அதுவா வீட்டுக்கு வந்துச்சு."

"நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வரேன்," என்றாள் ஹெஸ்டர். "நீ பேசாம மிதி. மூச்சு மிச்சமாகும்."

ஆய்வுக்கூடம், ஊரின் ஓரத்தில் கிடங்குகளுக்கு நடுவே இருந்த ஒற்றைமாடிக் கட்டடம். கண்ணாடிக் கதவின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து உள்ளே ஒரு சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. தாடி வைத்த பெரிய உருவம் ஒன்று வந்து பூட்டைத் திறந்து அவர்களை உள்ளே விட்டது. உடனே மறுபடி பூட்டியது.

"நான் டீமன். இங்க மெஷினெல்லாம் என் பொறுப்பு. காலையில அலமாரி காலியா இருக்கறதைப் பார்த்தது நான்தான். பார்த்த உடனே என் சைக்கிள் சங்கிலியை எடுத்துட்டு வந்து கதவைப் பூட்டிட்டேன். அதுக்கப்புறம் ஒரு ஈ கூட வெளியே போகலை."

"அப்ப பொருள் உள்ளேதான் இருக்குங்கறீங்க?"

"என்னைத் தாண்டிப் போகணும்னா என் மேல ஏறித்தான் போகணும்."

யோரிட் அவன் உயரத்தை அண்ணாந்து பார்த்து, அது நடக்காத காரியம் என்று முடிவு செய்தான்.

ஆய்வுக்கூடத் தலைவி ஒடிலியா ரைண்டர்ஸ் விறுவிறுவென்று வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன. கை குலுக்கிய வேகத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"போலீஸ் வேண்டாம். பேப்பர்காரங்க வேண்டாம். இன்னைக்கு மத்தியானம் பண்ணைக் கூட்டுறவுக்காரங்க வராங்க. தொலைஞ்ச அந்தப் பொருள் வேலை செய்யறதைக் கண்ணால பார்த்தாத்தான் அவங்க எங்களோட சேருவாங்க. சேரலைன்னா இந்த வருஷத்தோட இந்த இடத்தை மூடிட வேண்டியதுதான். ஒன்பது பேர் வேலை போகும். நீங்க தேடுங்க. கிடைக்கலைன்னாலும் பரவாயில்லை, என்னால புரிஞ்சுக்க முடியும்."

'கிடைக்கலைன்னாலும் பரவாயில்லை' என்று சொன்ன முதல் வாடிக்கையாளர் இவள்தான் என்று யோரிட் நினைத்துக்கொண்டான். பூனைக்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அழுவார்கள்.

ஒடிலியா குரலைத் தாழ்த்தினாள். "நான் யார் மேலயும் பழி போடலை. ஆனா கோர்ஸ்னு ஒருத்தன் இருக்கான், அந்தப் பொருளுக்குள்ள போடற தூளைச் செய்யறவன். அவனை ரோட்டர்டாம்ல ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருக்கு. தெரிஞ்சு வெச்சுக்கோங்க, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவள் போன பிறகு, கட்டடத்தில் இருந்த எல்லோருக்கும் அது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்பது யோரிட்டுக்குப் புரிந்தது. கோர்ஸ் நின்றிருந்த மேஜையைச் சுற்றி நாலடிக்கு ஆளே இல்லை. எதிர்த்த மேஜைப் பெண், ஸ்கேல் எடுக்க வேண்டி அவன் பக்கம் கை நீட்டியவள், ஸ்கேலே வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

கோர்ஸ் நெட்டையாக, ஒல்லியாக, எதையோ புளிப்பாகக் கடித்துவிட்ட முகத்தோடு இருந்தான்.

"என்னைத்தானே முதல்ல விசாரிக்கணும்? விசாரிங்க."

"தொலைஞ்சது என்னன்னு முதல்ல சொல்லுங்க," என்றாள் ஹெஸ்டர்.

"சவ்வு."

"சவ்வு மாதிரி இழுக்காம சட்டுனு சொல்லுங்க," என்றான் யோரிட்.

"சொல்லிட்டேனே. சவ்வுதான்."

கோர்ஸின் முகத்தில் ஒரு சுருக்கம் குறைந்தது. பிறகு அவனாகவே பேசினான்.

"மாட்டுச் சாணத்துல இருந்து வர்ற வாயுல பாதிக்கு மேல மீத்தேன். அது எரியும், அடுப்புக்கு ஆகும். மீதியில பெரும்பங்கு கரியமில வாயு. அது எரியாது, சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு கூட வரும், கூப்பிடாத விருந்தாளி மாதிரி. குழாய்ல விட்டு ஊருக்குள்ள அனுப்பணும்னா அந்த விருந்தாளியை வெளியே தள்ளணும். அதுக்குத்தான் சவ்வு. பிளாஸ்டிக்கைக் கரைச்சு, அதுல என் தூளைக் கலந்து, மெல்லிசா வார்த்து எடுப்போம். என் தூள்ல ஒவ்வொரு துணுக்கும் உள்ளே பொந்து பொந்தா இருக்கும். ஒரு ஸ்பூன் தூளுக்குள்ள இருக்கற பொந்துச் சுவரையெல்லாம் பிரிச்சு விரிச்சீங்கன்னா ஒரு ஃபுட்பால் மைதானம் நிறையும்."

"பொந்து இருந்தா எல்லாமே ஒழுகிடாதா?"

"பொந்தோட வாசல் அப்படி. கரியமில வாயு ஒல்லி, சர்ருனு நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடும். மீத்தேன் ஒரு சுத்து தடி. வாசல்லயே நின்னுடும். காத்துல இருக்கற நைட்ரஜனும் தடிதான், அதுவும் நிக்கும்."

"டான்ஸ் பார் வாசல்ல ஒரு ஆள் நிப்பானே, அந்த மாதிரி," என்றான் யோரிட். தன் வயிற்றைத் தடவிக்கொண்டான். "என்னை அவன் ஒரு நாளும் உள்ளே விட்டதில்லை. அப்ப நான் மீத்தேன்."

"எரியற சாதின்னு பெருமைப்பட்டுக்கோ," என்றாள் ஹெஸ்டர். பிறகு கோர்ஸிடம் திரும்பினாள். "அந்தச் சவ்வு பார்க்க எப்படி இருக்கும்?"

"ரொட்டி சுத்தற பிளாஸ்டிக் பை மாதிரி. லேசா மங்கலா. மேஜை மேல பக்கத்துல பக்கத்துல போட்டா எனக்கே எது எதுன்னு தெரியாது. மெஷின்ல மாட்டி அளந்து பார்த்தாத்தான் தெரியும்."

"அளக்கணும்னா?"

"வெட்டணும். ஒரு துண்டு அளக்க அரை நாள் ஆகும்."

ஹெஸ்டர் தலையாட்டினாள். டீமனைக் கூப்பிட்டு, காலையில் நடந்ததைக் கேட்டாள். அவன் வீட்டில் குழந்தைக்குப் பல் முளைக்கிறது. இரவெல்லாம் அழுகை. அதனால் வழக்கத்தைவிட முன்னாலேயே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டான். "இங்கதான் சாஞ்சு உட்கார்ந்து நிம்மதியா ஒரு காபி குடிக்க முடியும்." அவன் வரும்போது ஒடிலியா மட்டும் இருந்தாள், சமையலறையில். அலமாரியைத் திறந்தான், காலி. அவன் போட்ட சத்தத்தில் ஒடிலியா ஓடி வந்தாள். அப்போது முதல் கதவுக்குச் சங்கிலி.

"பூட்டு உடைஞ்சிருந்துச்சா?"

"இல்லை. சாவி எல்லார்கிட்டயும் இருக்கு. இங்க யாரும் யார்கிட்டயும் எதையும் பூட்டறதில்லை," என்றான் டீமன். சொன்ன பிறகு அவன் பார்வை கோர்ஸ் மேல் போய்விட்டுத் திரும்பியது.

தேடினார்கள். பைகளை, கோட்டுகளை, மேஜை அறைகளை, கழிவறைத் தொட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. யோரிட்டின் வயிறு ஒரு கட்டத்தில் சத்தம் போட்டே பேசியது. அதன் பேச்சைக் கேட்டுச் சமையலறைக்குள் நுழைந்து குளிர்பெட்டியைத் திறந்தான்.

உள்ளே தட்டு தட்டாக மத்தியானச் சாப்பாடு. ஒவ்வொரு பையிலும் ரொட்டி. சீஸ் வைத்தது, நிலக்கடலை வெண்ணெய் தடவியது, சாக்லேட் தூவியது. எல்லாப் பைகளும் நாலு பக்கமும் சூட்டில் ஒட்டப்பட்டிருந்தன. ஆளுக்கு ஒன்றா இரண்டா என்று கணக்கில்லை. பெயரும் இல்லை.

"இது என்ன, ரொட்டிக்கு இவ்வளவு காவல்?"

டீமன் சமையல் மேடையிலிருந்த ஓரம் ஒட்டும் மெஷினைக் காட்டினான். "ஆய்வுக்கூட வாடை ரொட்டியில ஏறிடும். அதனால வந்த உடனே எல்லாரும் இதுல ஒட்டிடுவோம். பழக்கமாயிடுச்சு."

ஹெஸ்டர் அந்தப் பைகளைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். பாக்கெட்டிலிருந்து கறுப்பாக ஓர் உப்பு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் அந்த மிட்டாயைப் போட்டால் ஏதோ ஒன்று அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். யோரிட்டுக்கு அந்த மிட்டாயின் வாடையே ஆகாது. இருந்தாலும் அந்தக் கணம் அவனுக்குப் பிடிக்கும்.

டீமன் போன பிறகு அவள் கேட்டாள். "யோரிட், கரியமில வாயு நிறைஞ்ச ஒரு பெட்டி. அதுக்குள்ள இந்தச் சவ்வுல செஞ்ச பை. பைக்குள்ள காத்து. என்ன ஆகும்?"

அவன் யோசித்தான். "வெளியே இருக்கற ஒல்லிப்பசங்க எல்லாம் உள்ளே நுழைவாங்க. உள்ளே இருக்கற தடியனுங்க வெளியே வர முடியாது. உள்ளே கூட்டம் சேரும்... பாஸ்! பை உப்பிடும்!"

"சாதாப் பை?"

"அப்படியே கிடக்கும்."

"அது உனக்கே தெரிஞ்சா, இங்க இருக்கற ஒன்பது பேருக்கும் தெரியும்ல?"

"அந்த 'உனக்கே'யை நான் கவனிச்சேன், பாஸ்."

"பொருள் கிடைச்சா பாதி வேலைதான் முடியும். ஆள் கிடைச்சாத்தான் முழுசு. போ, அந்தக் குளிர்பெட்டியைக் கொல்லு."

யோரிட் குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். கலை உணர்ச்சிக்காக அதன் முதுகில் ஓர் உதையும் விட்டான். பிறகு வெளியே போய், சொந்தக்காரர் யாரோ போய்விட்டதைப் போன்ற முகத்தோடு அறிவித்தான்.

"மன்னிச்சுக்கோங்க. தேடறப்போ இடிச்சுட்டேன். குளிர்பெட்டி போயிடுச்சு."

"மணிக்கணக்கா தேடி எங்க குளிர்பெட்டியைத்தான் கண்டுபிடிச்சு உடைச்சிருக்கீங்க," என்றாள் ஸ்கேல் வேண்டாமென்று சொன்ன பெண்.

"பூனையா இருந்தா நல்லாத் தேடுவோம்."

டீமன் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பெரிய தெர்மோகோல் பெட்டியும் ஒரு வாளி ட்ரை ஐஸும் கொண்டுவந்தான். ஆய்வுக்கூடத்தில் அது எப்போதும் இருக்கும். தண்ணீர் இல்லை அது, உறைந்த கரியமில வாயு. உருகாது, நேராகப் புகையாகக் கிளம்பும். அதை அடியில் கொட்டி, மேலே ஒரு கம்பித் தட்டு வைத்து, ரொட்டிப் பைகளைப் பரப்பி, மூடியைத் தளர்வாக வைத்தார்கள். சமையலறை ஜன்னலை ஹெஸ்டர் அகலத் திறந்துவிட்டாள்.

"உங்க சாப்பாடு ட்ரை ஐஸ் பெட்டியில பத்திரமா இருக்கு. கெட்டுப்போகாது," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். சிலர் அதுகூட செய்யவில்லை.

பிறகு அவள் யோரிட்டின் காதில் சொன்னாள். "திருடன் யாரா இருந்தாலும் இப்ப அவன் பயந்துபோயிருப்பான். பை உப்பறதுக்குள்ள வந்து எடுக்கப் பார்ப்பான். நீ அந்தக் கோட்டுகளுக்குப் பின்னால நில்லு."

சமையலறைக்கு எதிரே சுவரில் வரிசையாக ஈரக் கோட்டுகள் தொங்கின. யோரிட் அவற்றுக்குள் புகுந்துகொண்டான். ஈர நாய் வாடை. இரண்டு மழைக்கோட்டுகளுக்கு நடுவே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தான். அதற்குள் எங்கோ சீஸ் ரொட்டி இருக்கிறது என்ற நினைப்பு அவனைத் துன்புறுத்தியது.

முதலில் ஒடிலியா வந்தாள். யோரிட் மூச்சை அடக்கினான். அவள் ஒரு தம்ளர் மோரை ஊற்றிக் குடித்தாள். பெட்டியைப் பார்த்தாள். மூடி கோணலாக இருந்தது. அதை ஒழுங்காக நகர்த்தி வைத்துவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாதாரணமாகப் போய்விட்டாள்.

அடுத்து இரண்டு பேர் காபிக்கு வந்தார்கள். வானிலையைத் திட்டினார்கள். போனார்கள்.

பிறகு கோர்ஸ் வந்தான். பெட்டியின் எதிரில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். கோர்ஸ் திரும்பி, நேராகக் கோட்டுகளுக்கு முன்னால் வந்து குனிந்து பார்த்தான்.

"எங்க கோட்டுக்கெல்லாம் கால் கிடையாது," என்றான். "ஷூ போடற வழக்கமும் இல்லை."

"நான்... காஞ்சுடுச்சான்னு பார்த்தேன்."

"பெட்டியில என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு எனக்குப் புரியுது. நல்ல யோசனை. நான் அதைத் தொடப்போறதில்லை. தொட்டாலும் தொடாட்டியும் என்னைத்தான் சொல்லப்போறீங்க."

அவன் போய்விட்டான். அந்தக் குரலில் இருந்த களைப்பு யோரிட்டுக்குப் பிடிக்கவில்லை. மனசுக்கு என்னவோ போல இருந்தது.

வேறு யாரும் வரவில்லை. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. எல்லோரும் பெட்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். யோரிட் கோட்டுகளிலிருந்து வெளிப்பட்டு ஹெஸ்டரிடம் உதட்டைப் பிதுக்கினான்.

"யாரும் தொடலை?"

"ஒடிலியா மூடியைச் சரி பண்ணாங்க. கோர்ஸ் என் ஷூவைச் சரி பண்ணான். அவ்வளவுதான்."

ஹெஸ்டரின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப பொருள் இதுக்குள்ள இல்லை. தப்புக் கணக்கு போட்டுட்டேன்." இன்னொரு மிட்டாயை எடுத்தவள் அதைத் திரும்பப் பாக்கெட்டிலேயே போட்டாள். "சரி, பசிக்கறவங்களையாவது சாப்பிட விடுவோம். திற."

யோரிட் மூடியைத் தூக்கினான். வெள்ளைப் புகை வழிந்து மேஜையில் பரவி, ஓரத்தில் கொட்டியது. புகை விலகியது. தட்டையாகக் கிடந்த பைகளுக்கு நடுவே ஒரே ஒரு பை, கொதிக்கும் எண்ணெயில் எழும்பிய பூரியைப் போல, விம்மிப் புடைத்து நின்றது. உள்ளே இரண்டு துண்டு ரொட்டி, பெரிய வீட்டில் தனியாக விடப்பட்ட கிழத் தம்பதியைப் போல ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

எல்லோரும் குனிந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அதுதான்," என்றான் டீமன். "அதேதான்!"

கோர்ஸைத் தவிர்த்த எட்டுப் பேரில் ஏழு பேரின் முகங்கள் அவன் பக்கம் திரும்பின. அவன் வெளுத்துப்போயிருந்தான். "என்னுது இல்லை," என்றான். "சத்தியமா என்னுது இல்லை."

"இதுக்குமேல எப்படிடா..." என்று டீமன் ஆரம்பித்தான்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுகையும் கலந்த சிரிப்பு. ஒடிலியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பெட்டிக்குள் கைவிட்டு, அந்தப் பையைப் பிறந்த குழந்தையைத் தூக்குவதைப் போல இரண்டு கையாலும் தூக்கினாள். முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

"உயிரோட இருக்கு! பாருங்க, எப்படி உப்பியிருக்குன்னு! சாகலை! இது சாகவே இல்லை!"

சிலர் கை தட்டினார்கள். யோரிட்டும் தட்டப் போனான். ஹெஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரல் மிக மெதுவாக வந்தது.

"செத்துப்போச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

கை தட்டல் நின்றது.

"காலையில இருந்து இங்க எல்லாரும் என்கிட்ட பேசியாச்சு. 'காணோம்'னாங்க, 'திருடு போச்சு'ன்னாங்க. 'செத்துப்போச்சு'ன்னு ஒருத்தரும் சொல்லலை. கெட்டுப்போன பொருளை யாரும் திருட மாட்டாங்க. ஒளிச்சுத்தான் வெப்பாங்க."

ஒடிலியா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான் ஒரு பொறி வெச்சேன்," என்றாள் ஹெஸ்டர். "பை உப்பிடும்னு பயந்து ஓடி வர்றவன்தான் திருடன்னு. யாரும் வரலை. இப்பதான் புரியுது. சவ்வு நல்லா இருக்குன்னு நினைக்கறவன்தான் பயப்படுவான். அது பழுதாயிடுச்சு, இனிமே எதையும் பிரிக்காது, எங்க வெச்சாலும் உப்பாதுன்னு நம்பறவங்களுக்கு என்ன பயம்? மூடியைக்கூட நல்லா மூடிட்டுப் போவாங்க."

யோரிட்டுக்குக் காலையில் மழையில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. "உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு இருக்கற பொருளைத் தேடறதுக்குப் பூனைக்காரியைக் கூப்பிட்டீங்க," என்றான். "கிடைக்கக்கூடாதுன்னுதான் கூப்பிட்டீங்க. எங்களுக்கு இது ரொம்ப அவமானம், மேடம். கொஞ்சம் நியாயமும் இருக்கு."

ஒடிலியா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் யாரும் இல்லாதப்போ ஓரத்துல ஒரு துண்டு வெட்டி, ராத்திரி பூரா உட்கார்ந்து நான் ஒருதடவை அளந்து பார்த்தேன். இன்னைக்குக் காட்டணுமே, ஒரு தைரியத்துக்காக. மீத்தேன் தங்குதடையில்லாம வந்துச்சு. கரியமில வாயு வர்ற மாதிரியே. ஈரம் பட்டா அந்தப் பொந்தெல்லாம் இடிஞ்சு விழுந்துடும்னு எங்க எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. விழுந்துடுச்சுன்னு நினைச்சேன். சவ்வே விரிசல் விட்டுடுச்சுன்னு. பண்ணைக்காரங்க முன்னால அது தோத்துச்சுன்னா எல்லாம் முடிஞ்சது. திருடு போயிடுச்சுன்னா... இன்னொரு தவணை கேட்கலாமில்ல?"

"காலையில வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம்னு இருந்தீங்க. டீமன் சீக்கிரம் வந்துட்டான்," என்றாள் ஹெஸ்டர்.

"பையா ஒட்டி, ரெண்டு துண்டு ரொட்டியைப் போட்டேன். கத்தரிக்கோலை எடுத்து நறுக்கிக் குப்பையில போட்டிருக்கலாம். கையில எடுத்தேன். முடியலை."

டீமன் அங்கே இல்லை. அளவு மெஷின் இருந்த அறையிலிருந்து ஏதோ திருகிக் கழற்றும் சத்தம் கேட்டது. அவன் விரல் நுனியில் ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

"சவ்வைப் பிடிச்சு வெக்கற தகட்டுல இந்த ரிங்கையா போட்டீங்க?"

"டிராயர்ல இருந்ததைத்தான் போட்டேன்."

"இது காபி மெஷினுக்கு வாங்கி வெச்ச ரிங்! இது ஒரு சுத்து சின்னது. ஓரமெல்லாம் ஒழுகியிருக்கும். சவ்வு பாவம் என்ன பண்ணும்? வாசல்ல காவல் நிக்குது, நீங்க பின்கதவைத் திறந்து விட்டிருக்கீங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், ஒடிலியாவும்கூட. அந்தச் சிரிப்பு அடங்கியபோது கோர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை என்பது தெரிந்தது. அவன் சுவர்ப் பக்கம் போய், தன் கோட்டை எடுத்து, ஒரு கையை நுழைத்துக்கொண்டிருந்தான்.

"சங்கிலியைத் திற, டீமன்."

"கோர்ஸ்..."

"ரோட்டர்டாம்காரங்களுக்குப் போன வாரமே மாட்டேன்னு சொல்லிட்டேன். யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேட்கலை. காலையில இருந்து ஒருத்தரும் என் பக்கத்துல வரலை. ஒரு ஸ்கேல் எடுக்கக்கூட."

ஸ்கேல் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஹெஸ்டர் ஒடிலியாவின் அருகில் போய் நின்றாள்.

"கண்டுபிடிக்கறது என் வேலை, முடிச்சுட்டேன். இது உங்க வேலை."

ஒடிலியா எழுந்தாள். கோர்ஸிடம் போனாள். எல்லோருக்கும் கேட்கும்படி, சுற்றி வளைக்காமல் சொன்னாள். "உன் பேரை இவங்ககிட்ட சொன்னது நான். உன் மேல சந்தேகம் இருந்து சொல்லலை. என் மேல வரக்கூடாதுன்னு சொன்னேன். ரொம்பக் கேவலமான காரியம். என்னை மன்னிக்கணும்னு கேட்கற தகுதி எனக்கு இல்லை. ஆனா தப்பு என்னுதுன்னு எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

கோர்ஸின் இன்னொரு கை கோட்டின் மறுபக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

கதவை யாரோ தட்டினார்கள்.

சங்கிலிக்கு வெளியே மழையில் மூன்று பேர். நடுவில் நின்ற பெரியவர்தான் கூட்டுறவுத் தலைவர் லுபெர்ட். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், அதில் காய்ந்ததும் காயாததுமாகச் சாணம். மத்தியானம் என்றால் அவருக்கு மத்தியானம்தான், யாருடைய சௌகரியத்துக்காகவும் தள்ளிப்போகாது.

"மெஷின்ல மாட்டிக் காட்ட அரை நாள் ஆகும்," என்று டீமன் பதறினான். "இப்ப என்ன பண்றது?"

"பையைக் காட்டுங்க," என்றான் யோரிட். "எனக்கே புரிஞ்சுதே. பாஸே சொன்னாங்க."

காட்டினார்கள். லுபெர்ட் பெட்டிக்கு முன்னால் நின்று, தட்டையான பைகளைப் பார்த்தார், உப்பிய பையைப் பார்த்தார். ஒடிலியா எதையும் மறைக்கவில்லை. சவ்வு செத்துவிட்டதென்று பயந்தது, ஒளித்தது, ரப்பர் வளையம், துப்பறிவாளர், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். லுபெர்ட் குறுக்கே பேசவில்லை. அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பேசுவதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு மாட்டைக் கறந்துவிடலாம்.

"போன வருஷம் என் சினைப்பசு ஒண்ணு செத்துப்போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போனார்," என்றார் கடைசியில். "நான் போர்வையை எடுத்துட்டு வர்றதுக்குள்ள எழுந்து நின்னு என் தொப்பியைத் தின்னுடுச்சு." பையை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "இந்தத் தூளைச் செஞ்சது யாரு?"

ஒடிலியா கை காட்டினாள். "அவர். கோர்ஸ்."

லுபெர்ட் திரும்பினார். கோர்ஸ் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாகக் கதவருகே நின்றான்.

"என் சாண வாயு சுத்தமா இருக்காது. ஈரம் சொட்டும். முட்டை அழுகின நாத்தம் வேற. இது தாங்குமா?"

"தெரியாது," என்றான் கோர்ஸ்.

டீமன் கண்ணை மூடிக்கொண்டான். ஒடிலியாவின் கை நாற்காலி முதுகை இறுக்கியது. ஒன்பது பேரின் பிழைப்பு அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இங்க நாங்க விடறது சிலிண்டர்ல வாங்கின சுத்தமான வாயு," என்று கோர்ஸ் தொடர்ந்தான். சொல்லச் சொல்ல அவன் உடம்பு அவரை நோக்கித் திரும்பியது. "ஈரத்தை முன்னாலயே வடிகட்டி எடுத்துட்டா தாங்கும்னு நினைக்கறேன். எவ்வளவு எடுக்கணும்னு தெரியணும்னா உங்க தொழுவத்துல வந்து, உங்க வாயுலயே வெச்சுப் பார்க்கணும். வேற எவன் வந்து 'தாங்கும்'னு சொன்னாலும் நம்பாதீங்க."

லுபெர்ட் கூட வந்த இருவரையும் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். யோரிட்டுக்கு எந்தச் சைகையும் தெரியவில்லை. ஆனால் ஏதோ முடிவாகிவிட்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை வா," என்றார் லுபெர்ட்.

கோர்ஸ் கோட்டுக்குள்ளிருந்து கையை உருவினான். கோட்டைத் திரும்பவும் ஆணியில் மாட்டினான். ஒடிலியாவைப் பார்க்காமலே சொன்னான்:

"அதுவரைக்கும் அளவெல்லாம் நான்தான் எடுப்பேன். நீங்க அந்த டிராயர் பக்கமே வரக்கூடாது."

"வரலை," என்றாள் ஒடிலியா.

ஸ்கேல் பெண் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து கோர்ஸின் மேஜையை ஒட்டிப் போட்டாள். ஹெஸ்டர் யோரிட்டின் முழங்கையைத் தட்டி, கிளம்பலாம் என்று கதவைக் காட்டினாள். வாசலில் லுபெர்ட் நின்று, கோர்ஸின் கால்களை மேலிருந்து கீழாக ஒருமுறை ஆராய்ந்தார். மெல்லிய தோலில், பளபளவென்று, நகரத்து ஷூ.

"பூட்ஸ் போட்டுக்கிட்டு வா," என்றார். "அங்க எல்லாத்துக்கும் அனுமதி உண்டு."